அபராதத்தைக் கட்டிவிட்டால் கேஸ் முடிந்துவிடுமா?

திருச்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவருடைய மகனுக்கு 19 வயது. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு பல்கலைக்கழக ஊரில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறார். கல்லூரிக்கு வெளியே நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். லீஸில் நால்வர் பெயரும் இருக்கிறது. மூவருக்கு 21 ஆகவில்லை, ஒருவருக்கு மட்டும் 22.

ஃபுட்பால் போட்டி நடந்த ஒரு சனிக்கிழமை இரவு அந்த வீட்டில் பார்ட்டி. அறுபது பேர்வரை வந்திருக்கிறார்கள். வாசலில் தலைக்கு 5 டாலர் வாங்கிக்கொண்டு சிவப்பு பிளாஸ்டிக் கப் கொடுத்திருக்கிறார்கள், அடித்தளத்தில் பீர் பீப்பாய். நள்ளிரவு தாண்டியதும் சத்தம் தாங்காமல் அண்டை வீட்டுக்காரர் போன் செய்ய, போலீஸ் வந்தது. ஒரு ரூம்மேட் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார், போலீசார் உள்ளே வந்துவிட்டார்கள். மாடியில் ஒரு கட்டிலில் 18 வயதுப் பெண் ஒருத்தி வாந்தி எடுத்த நிலையில் நினைவில்லாமல் கிடந்தாள். "தூங்கட்டும், சரியாகிவிடும்" என்று தோழிகள் விட்டிருந்தார்களாம். போலீசார்தான் ஆம்புலன்சை அழைத்தார்கள், அவள் மறுநாள் தேறிவிட்டாள். மகனை ஊதச் சொன்னார்கள், ஊதினார். "நான் இங்கேதான் குடியிருக்கிறேன், எல்லாரும் காசு போட்டு வாங்கினோம்" என்றும் சொல்லிவிட்டார். வயதுக்கு முன் குடித்ததற்கான சைட்டேஷனை (போலீஸ் தரும் குற்றச்சாட்டுத் தாள்) கையில் கொடுத்து, "மேலும் வழக்கு வரலாம்" என்று சொல்லிப் போயிருக்கிறார்கள்.

தாயின் கேள்விகள் நான்கு. நியூ ஜெர்சியில் இருக்கும் தன் தம்பி, "டிராஃபிக் டிக்கெட் மாதிரிதான், ஆன்லைனில் கட்டிவிட்டு மறந்துவிடு" என்கிறார், அது சரியா? வாரண்ட் இல்லாமல் போலீஸ் நுழைந்ததைச் சொல்லிக் கேஸை உடைக்க முடியாதா? பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டாயிற்று, வந்தால் திரும்பிப் போக விடுவார்களா? கல்லூரி விசாரணைக்கு அழைத்திருக்கிறது, மன்னிப்புக் கடிதம் எழுதி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

தூக்கமில்லாமல் எழுதிய கடிதம் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தது. கெடு சம்பந்தப்பட்டதை மட்டும் அன்றே உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். மற்றவை உங்களைப் போன்ற பல பெற்றோருக்கும் தேவைப்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் மகன் செய்தது அந்த மாநிலச் சட்டத்தில் சிறிய குற்றம். ஆனால் விசாவில் இருக்கும் ஒருவர் அந்தச் சிறிய குற்றத்தை எப்படி முடிக்கிறார் என்பது சிறிய விஷயம் அல்ல. உங்கள் தம்பி அன்போடுதான் சொல்லியிருக்கிறார். அமெரிக்கக் குடிமகனான ஒரு மாணவனுக்கு அது ஓரளவு பொருந்தவும் செய்யும். உங்கள் மகனுக்குப் பொருந்தாது.

சைட்டேஷனும் பத்து நாள் கெடுவும்

பென்சில்வேனியாவில் இந்தக் குற்றம் 'சம்மரி' வகை. அங்குள்ள குற்ற வகைகளில் கடைசிப் படி. முதல் முறைக்கு 500 டாலர்வரை அபராதம், அடுத்தடுத்த முறைக்கு 1,000 வரை. இதோடு நீதிமன்றச் செலவும் சேரும். குடிப்பது மட்டுமல்ல, வாங்குவது, வாங்க முயல்வது, கையில் வைத்திருப்பது, தெரிந்தே எடுத்துச் செல்வது எல்லாமே ஒரே பிரிவில் வரும். ஊதச் சொல்லும் சோதனை இல்லாமலே, வாய் வாடையையும் கண்ணையும் பேச்சையும் வைத்தே வழக்குப் போடலாம்.

சைட்டேஷன் கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அந்தப் பகுதியின் மாஜிஸ்டிரேட் நீதிமன்றத்துக்குப் பதில் போக வேண்டும். அந்தத் தாளிலேயே இரண்டு வழி இருக்கும்: குற்றத்தை ஒப்புக்கொள்வது, ஒப்புக்கொள்ளாதது. ஆன்லைனில் பணத்தைக் கட்டினால் சட்டத்தின் பார்வையில் முதல் கட்டத்தில் டிக் போட்டதாகிவிடும். பணம் கட்டிய ரசீதே குற்றத் தீர்ப்பாகப் பதிவாகும். வழக்கறிஞரும் இருக்க மாட்டார், விசாரணையும் இருக்காது.

ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதி அனுப்பும்போது, சைட்டேஷனில் குறித்திருக்கும் தொகையை விசாரணைக்கு வருவதற்கான ஈடாகக் கட்டச் சொல்வார்கள். அது அபராதம் அல்ல. கூட அனுப்பும் கடிதத்தில் 'குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை' என்று தெளிவாக எழுதி, நகல் வைத்துக்கொண்டு, நீதிமன்றத்துக்குப் போன் செய்து எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும். பணம் மட்டும் போய்ச் சேர்ந்து கடிதம் சேராமல் போனால் விபரீதம். பதிலே அனுப்பாமல் விட்டால் கைது வாரண்ட் பிறக்கலாம். விசாவில் இருப்பவருக்கு அதைவிட மோசமான நிலை இந்த வழக்கில் இல்லை.

"ஒப்புக்கொள்ளவில்லை என்பது பொய் சொல்வதாகாதா?" என்று நீங்கள் வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். ஆகாது. 'நீங்கள் நிரூபியுங்கள்' என்பதுதான் அதன் பொருள். பேச்சுவார்த்தைக்கு நேரம் கிடைப்பதற்கும் அதுதான் வாசல். முதல் முறை மாட்டியவர்களுக்கு, தீர்ப்புக்கு முன்பே மதுப் பயிற்சி வகுப்பு, சமூக சேவை போன்றவற்றை முடித்துக்கொண்டு வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாட்டை மாஜிஸ்டிரேட் அனுமதிக்கலாம். ஒருவருக்கு ஒரு முறைதான் கிடைக்கும்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் 'தண்டனை' என்ற சொல்லுக்குத் தனக்கென ஒரு பொருள் வைத்திருக்கிறது. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அல்லது குற்றம் என்று தீர்மானிக்கப் போதுமான உண்மைகளை ஒப்புக்கொண்டு, அதன்மேல் நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்தால் போதும். பிறகு மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் குடிவரவுத் துறைக்கு அது தண்டனையாகவே நிற்கலாம். ஆகவே எந்த மாற்று ஏற்பாட்டிலும் வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இதில் சேர என் கட்சிக்காரர் எங்காவது குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டுமா?" வேண்டாம் என்றால் நல்லது. வேண்டும் என்றால் வேறு வழி பேச வேண்டும். பிரிவை மாற்றி வேறு சிறு குற்றமாக்கித் தருகிறோம் என்றாலும், எந்தப் பிரிவு என்று குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டாமல் தலையாட்டக் கூடாது.

2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒப்புதல் வாக்குமூலத்தால் வரும் குடிவரவு விளைவைக் கட்சிக்காரருக்குச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று தீர்ப்பளித்தது. எனவே கூச்சப்படாமல் கேட்கலாம். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென்றே சட்ட உதவி அலுவலகம் உண்டு, கட்டணம் குறைவு அல்லது இல்லை. ஆனால் அவர்கள் பொதுவாகக் கல்லூரிக்கு எதிராகவோ ஒரு மாணவருக்கு எதிராக இன்னொரு மாணவருக்காகவோ வர மாட்டார்கள்.

"18 முடிந்தால் மேஜர்தானே?"

பெரும்பாலானவற்றுக்கு ஆம், மதுவுக்கு இல்லை. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு பிடித்தம். தெற்கு டகோட்டா மாநிலம் எதிர்த்து வழக்காடி 1987இல் தோற்றது. அதனால் வயது எங்கும் 21தான், விதிவிலக்குகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாசிலும் விஸ்கான்சினிலும் பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை குடிக்கலாம். பென்சில்வேனியாவில் அந்தச் சலுகை இல்லை. எனவே வேறு மாநில அனுபவத்தை வைத்து யார் சொன்னாலும், உங்கள் தம்பியே ஆனாலும், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் வேதனையான முடிச்சு ஒன்று உண்டு. மது என்று வரும்போது 'மைனர்'. வழக்கு என்று வரும்போது 18 தாண்டிய பெரியவர். சிறார் நீதிமன்றத்தின் பாதுகாப்பும் மறைப்பும் கிடையாது. வழக்கு விவரம் மாநில நீதிமன்ற இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடினால் யாருக்கும் கிடைக்கும்.

வீடு உங்கள் மகன் பெயரிலும் இருக்கிறது

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன "மேலும் வழக்கு வரலாம்" என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 21 ஆகாதவருக்கு மது கொடுப்பது பென்சில்வேனியாவில் மூன்றாம் நிலை 'மிஸ்டிமீனர்'. சம்மரியைவிட மேலே, ஓராண்டுவரை சிறைக்கு இடமுள்ள குற்றம். முதல் மீறலுக்கு அபராதம் குறைந்தது 1,000 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 2,500. குடித்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குற்றச்சாட்டு வைக்க முடியும்.

"என் மகன் யாருக்கும் ஊற்றிக் கொடுக்கவில்லை" என்கிறீர்கள். சட்டத்தில் 'கொடுத்தல்' என்பதன் விளக்கம் ஊற்றிக் கொடுப்பதோடு நிற்கவில்லை. தன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் ஒரு மைனர் மதுவை வைத்திருக்க அனுமதிப்பதும் அதில் அடங்கும். லீஸில் பெயர் இருப்பதும், "இங்கேதான் குடியிருக்கிறேன்" என்று சொன்னதும் அதற்குத்தான் உதவும். அதோடு வாசலில் வாங்கிய 5 டாலர், உரிமம் இல்லாமல் மது விற்றதாக வேறொரு சட்டத்தின் கீழும் போகலாம். பிள்ளைகள் இதை 'செலவைப் பங்கு போட்டுக்கொண்டோம்' என்றுதான் நினைக்கிறார்கள். கப்புக்குக் காசு வாங்கினால் அது விற்பனை என்று போலீஸ் நினைக்கிறது.

இன்றே செய்ய வேண்டியவை இவை. அந்த இரவைப் பற்றி ரூம்மேட்டுகளின் வாட்ஸ்அப் குழுவில் இனி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். ஏற்கெனவே இருப்பதை அழிக்கவும் வேண்டாம், சாட்சியத்தை அழித்தல் தனிக் குற்றமாகிவிடும். பணம் அனுப்பும் செயலியான வென்மோவில் பீர் படம் போட்டுப் பணம் வந்திருந்தால் அதையும் தொடாமல் விட்டு, வழக்கறிஞரிடம் மட்டும் சொல்ல வேண்டும். வென்மோ பரிமாற்றங்கள், அமைப்பைப் பொறுத்து, மற்றவர்கள் கண்ணிலும் படக்கூடும். போலீசிலிருந்து "சும்மா பேசத்தான்" என்று போன் வந்தால், "என் வழக்கறிஞர் பேசுவார்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

நால்வரும் சேர்ந்து ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 22 வயது ரூம்மேட்டின் நலனும் உங்கள் மகனின் நலனும் ஒன்றல்ல. பீப்பாயைக் கடையில் வாங்கக் கூடியவர் அவர் ஒருவர்தான். நஷ்டஈட்டு வழக்கு என்று வந்தாலும், மைனருக்கு மது கொடுத்த பெரியவருக்குப் பொறுப்பு உண்டு, ஒரு மைனர் இன்னொரு மைனருக்கு அப்படிப் பொறுப்பல்ல என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் சொல்லியிருக்கிறது. ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் நேர்மையாக வாதாட முடியாத நிலை எந்த நேரமும் வரலாம்.

வாரண்ட் இல்லாமல் வந்தார்களே?

நியாயமான கேள்விதான், ஆனால் இதை நம்பி இருக்காதீர்கள். வீட்டுக்குள் நுழைய வாரண்ட், அல்லது வீட்டாரின் சம்மதம், அல்லது அவசர நிலை வேண்டும். சிறு குற்றத்துக்காக மட்டும் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைவதை நியாயப்படுத்துவது கடினம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இலேயே சொன்னது. அவசர நிலை என்றால் என்ன என்பதற்கு யூட்டா மாநிலத்தின் பிரிகம் சிட்டி வழக்கு நல்ல உதாரணம். அதிகாலை 3 மணி வாக்கில் சத்தம் என்று புகார். போலீசார் போய்ப் பார்த்தால் பின்முற்றத்தில் சிறுவர்கள் பீர் குடிக்கிறார்கள், ஜன்னல் வழியே சமையலறையில் கைகலப்பு தெரிகிறது, அடிபட்டவர் சிங்கில் ரத்தம் துப்புகிறார். 2006இல் ஒன்பது நீதிபதிகளும் அந்த நுழைவு சரியே என்றார்கள். கவனியுங்கள், நுழைவை நியாயப்படுத்தியது பீர் அல்ல, ரத்தம்.

உங்கள் மகன் விஷயத்தில் ரூம்மேட் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றிருக்கிறார். அதைச் சம்மதம் என்றே அரசுத் தரப்பு சொல்லும். உங்கள் மகன் அந்த வீட்டில் குடியிருப்பவர் என்பதால் ஆட்சேபம் எழுப்பும் உரிமையாவது இருக்கிறது. பார்ட்டிக்கு வந்துபோனவர்களுக்குப் பெரும்பாலும் அதுகூட இல்லை. கதவைத் திறந்தபோது சரியாக என்ன பேசினார்கள் என்பதை அந்த ரூம்மேட்டின் வழக்கறிஞர் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். போலீசாரின் உடல் கேமரா பதிவு இருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞர் உடனே கேட்கட்டும், சில வாரங்களில் அழித்துவிடக்கூடும்.

இனிமேலுக்காக ஒன்று. வாரண்ட் இல்லாமல் தட்டினால் திறந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேசத்தான் வேண்டும் என்றால், குடிக்காத ஒருவர் வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு வாசலில் நின்று மரியாதையாகப் பேசலாம், "உள்ளே வரச் சம்மதம் இல்லை" என்று நிதானமாகச் சொல்லலாம். தடுக்கக் கூடாது, ஓடக் கூடாது, பொய்ப் பெயர் சொல்லக் கூடாது. பின்வாசல் வழியாக ஓடி, வேலி தாண்டிக் காலை உடைத்துக்கொள்ளும் பிள்ளைகள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

விசாவும் டிசம்பர் பயணமும்

வயதுக்கு முன் குடித்ததற்காக மட்டும் நாடு கடத்தும் பிரிவு எதுவும் குடிவரவுச் சட்டத்தில் இல்லை. இதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விஷயங்கள் கூடச் சேர்ந்தால் நிலைமை மாறும். ஒன்று, ஃபேக் ஐடி. அது ஏமாற்று என்ற வகைக்குள் போய்விடலாம், மதுவைவிடப் பல மடங்கு ஆபத்து. மகனிடம் அப்படி ஏதும் இருந்ததா, போலீஸ் எடுத்துக்கொண்டதா என்று நேராகக் கேளுங்கள். இரண்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. 21 ஆகாதவருக்கு அங்கே ரத்தத்தில் மதுவின் வரம்பு 0.02 சதவீதம்தான். அப்படிக் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல், தூதரகம் விசாவை ரத்துசெய்யும் நடைமுறை 2015 முதல் இருக்கிறது.

விசாவும் ஸ்டேட்டசும் வேறு வேறு. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா உள்ளே நுழைவதற்கான சீட்டு. உள்ளே இருப்பதற்கான அனுமதி (ஸ்டேட்டஸ்) கல்லூரி தரும் ஐ-20 படிவத்திலும், வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுக் கணினிப் பதிவான செவிஸிலும் இருக்கிறது. விசா ரத்தானால் உடனே மூட்டை கட்ட வேண்டும் என்பதில்லை, வெளியே போனால் திரும்ப வரப் புதிய விசா வேண்டும் என்பதே பொருள் என்று நெடுநாள் சொல்லிவந்தோம். 2025 வசந்தத்துக்குப் பிறகு அதை அதே உறுதியோடு சொல்ல முடியவில்லை. அப்போது மாணவர்களின் பெயர்களைக் குற்றப் பதிவுத் தளத்தோடு ஒப்பிட்டு ஆயிரக்கணக்கானோரின் செவிஸ் பதிவை முடித்தார்கள். சிறு குற்றங்களும் தள்ளுபடியான வழக்குகளும்கூட அதில் சிக்கின. பல நீதிமன்றங்கள் தடை போட்ட பிறகு, ஏப்ரல் 25இல் பதிவுகளைத் திரும்பச் செயல்படுத்துவதாக அரசு அறிவித்தது. வழக்கைத் தண்டனையில்லாமல் முடிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். கைரேகை எடுத்தார்களா என்று மகனிடம் கேளுங்கள். சைட்டேஷன் மட்டும் கொடுத்து அனுப்பினால் பெரும்பாலும் எடுப்பதில்லை. எடுத்திருந்தால் விஷயம் மத்தியப் பதிவுக்குப் போயிருக்கும்.

டிசம்பர் பயணம் பற்றிச் சொல்ல மனம் கஷ்டப்படுகிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வர வேண்டாம். விசா செல்லுபடியாகிறது, ஐ-20இல் பயணக் கையெழுத்து ஓராண்டுக்குள் போட்டது என்றால், சட்டப்படி வந்து போகலாம்தான். ஆனால் அவர் திருச்சியில் இருக்கும்போது இரண்டாவது வழக்குப் பதிவாகி, அழைப்பாணை பூட்டிய வீட்டு முகவரிக்குப் போய், விசாரணைக்கு வரவில்லை என்று வாரண்ட் பிறக்கலாம். விசா ரத்தானால் அந்த மின்னஞ்சலும் இங்கே இருக்கும்போதே வந்து சேரும், பிறகு சென்னையில் நேர்காணலுக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குள் பருவம் தொடங்கிவிடும். வழக்கு முடிந்து, நீதிமன்ற முத்திரையிட்ட தீர்ப்பு நகல் கையில் இருந்தால் வரலாம். பாட்டியின் நிலை மோசமானால், பயணத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு வரட்டும்.

எப்போதாவது புதிய விசாவுக்கு டிஎஸ்-160 என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது, கைது செய்யப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்ற கேள்வி வரும். பிறகு நீக்கப்பட்டிருந்தாலும் சொல்லச் சொல்லும் கேள்வி அது. சைட்டேஷன் கொடுத்தது கைதாகுமா என்பதை வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தானாக 'இல்லை' என்று போட்டுவிடக் கூடாது. குடித்தது மன்னிக்கப்படும். விசா விண்ணப்பத்தில் பொய் சொன்னது தெரிந்தால் வாழ்நாள் தடை.

ஒருவேளை தண்டனையே ஆகிவிட்டாலும், 21 வயதான பின், அபராதமும் நிபந்தனைகளும் முடிந்திருந்தால், பதிவை நீக்கக் கோரி மனுச் செய்யலாம், நீதிமன்றம் நீக்கியாக வேண்டும். வேலை தேடும்போது அது பெரிய உதவி. ஆனால் குடிவரவுத் துறை அந்த நீக்கத்தை ஏற்பதில்லை. ஆகவே நீக்குவதற்கு முன்பே குற்றச்சாட்டு, தீர்ப்பு, கட்டணம் செலுத்தியது எல்லாவற்றுக்கும் முத்திரையிட்ட நகல்கள் ஐந்தாறு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நீக்கிய பிறகு நீதிமன்றத்தில் கேட்டால் 'அப்படி எதுவும் இல்லை' என்பார்கள். தூதரக அதிகாரி 'காட்டு' என்பார்.

கல்லூரியின் விசாரணை

இது நீதிமன்றத்திலிருந்து தனி. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், இங்கே 'நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்று தோன்றினாலே போதும். எச்சரிக்கை, கண்காணிப்புக் காலம், மதுப் பயிற்சி என்பதுவரை பயமில்லை. இடைநீக்கம் என்றால்தான் உங்கள் மகனுக்கு 500 டாலர் அபராதத்தைவிடப் பெரிய அடி. முழுநேரப் படிப்பு நின்றால் எஃப்-1 நிலைக்கே அடித்தளம் போய்விடும். இளநிலை மாணவர் பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையவே கூடாது. மன உளைச்சலில் ஒரு பாடத்தை விட நினைத்தால், டி.எஸ்.ஓ.வின் (வெளிநாட்டு மாணவர்களின் விசா விவகாரங்களைப் பார்க்கும் கல்லூரி அதிகாரி) முன் அனுமதி இல்லாமல் விடக் கூடாது.

மன்னிப்புக் கடிதம் எழுதலாம் என்ற உங்கள் எண்ணம் நல்ல மனத்திலிருந்து வந்தது. இப்போது வேண்டாம். கல்லூரியிடம் எழுதுவதும் பேசுவதும் நீதிமன்றத்துக்குப் போக முடியும். டி.எஸ்.ஓ. எவ்வளவு நல்லவரானாலும் வழக்கறிஞர் அல்லர், அவரிடம் சொன்னது ரகசியம் அல்ல. விசாரணைக்குப் போகாமல் இருக்கவும் கூடாது, போகாவிட்டால் அவர் இல்லாமலேயே முடிவெடுப்பார்கள். முன்கூட்டியே கோப்பைப் பார்க்கக் கேட்கட்டும். நீதிமன்ற வழக்கு முடியும்வரை தள்ளிவைக்க எழுத்தில் கேட்கட்டும். மதுப் பயிற்சி வகுப்பைத் தானாக முன்வந்து முடித்துச் சான்றிதழ் கொண்டுபோகட்டும். சம்பவத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாமலே பொறுப்பைக் காட்டும் வழி அதுதான்.

கல்லூரி உங்களோடு பேச மறுக்கிறது என்று வருந்தியிருந்தீர்கள். 18 தாண்டிய மாணவரின் விவரம் அவருடைய சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குத் தரப்படாது, அது சட்டம். 21க்குக் கீழே உள்ளவரின் மது மீறலைப் பெற்றோருக்குத் தெரிவிக்க 1998 முதல் அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. மகன் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் உங்களோடு பேசுவார்கள்.

மாடியில் கிடந்த பெண்

நீங்கள் கேட்காத விஷயம் இது. ஆனால் கடிதத்தில் இருந்த மற்ற எல்லாவற்றையும்விட இதைப் பற்றித்தான் உங்கள் மகனோடு நீங்கள் பேச வேண்டும். போலீஸ் அன்று வராமல் போயிருந்தால் இந்தக் கடிதமே வேறாக இருந்திருக்கும்.

மயங்கிய பிறகும் வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். 'தூங்கவிட்டால் தெளியும்' என்பது அதனால்தான் தவறு. தட்டி எழுப்பினால் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, அல்லது ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நொடிக்கு மேல் இடைவெளி, மயக்கத்திலேயே வாந்தி, தோல் குளிர்ந்து ஈரமாகி உதடு நீலம் பாய்வது: இதில் ஒன்று இருந்தாலும் அவசர உதவி எண் 911ஐ அழைக்க வேண்டும். எல்லா அறிகுறியும் சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாந்தி மூச்சுக்குழாயில் போகாதபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், நடக்கவைப்பது எதுவும் மதுவை இறக்காது. குளியலறையில் வழுக்கி விழவைக்கும், உடம்பை இன்னும் குளிரவைக்கும்.

போன் செய்யாததற்குக் காரணம் போலீஸ் பயம்தான். அந்தப் பயத்தைப் போக்கவே பென்சில்வேனியாவில் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று நம்பி 911ஐயோ கல்லூரிக் காவலையோ அழைத்து, தன் உண்மைப் பெயரைச் சொல்லி, உதவி வரும்வரை அந்த ஆளோடு இருந்தால், அழைத்தவர்மீது வயதுக்கு முன் குடித்த வழக்குப் போடக் கூடாது. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஒரு மாணவர் சங்க வீட்டில் டிமதி பியாட்சா என்ற மாணவர் குடிபோதையில் படிக்கட்டில் விழுந்தார். மணிக்கணக்கில் யாரும் உதவியை அழைக்கவில்லை, இறந்துபோனார். அவர் பெயரால் 2018இல் வந்த சட்டம், யாருக்காக உதவி கேட்கப்பட்டதோ அவரையும் இந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது.

ஒரு நிபந்தனை முக்கியம்: அந்த அழைப்பால் மட்டுமே போலீசுக்குக் குற்றம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மகனின் வீட்டுக்குப் போலீஸ் சத்தப் புகாரில் வந்ததால் இந்தப் பாதுகாப்பு இப்போது கிடைக்காது. அந்தப் பெண்ணுக்காக யாராவது அரை மணி நேரம் முன்பே அழைத்திருந்தால் அழைத்தவருக்கும் அவளுக்கும் கிடைத்திருக்கும்.

911இல் முதலில் கேட்பது முகவரி. பார்ட்டிக்கு வருகிற பிள்ளைகளில் பலருக்கு அந்த வீட்டு எண் தெரியாது, 'நீல வீடு, பார்க்கிங் பக்கத்தில்' என்று தடுமாறுவார்கள். வீட்டு எண், தெரு, ஊர் மூன்றையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, மாடிப்படி அருகிலும் ஃபிரிட்ஜ் மேலும் ஒட்டச் சொல்லுங்கள். இன்று இரவு அவர் போனில் வரும்போதே சொல்லிவிடுங்கள்.